சத்தியபாயின் ஒன்பது கும்பாக்கள்

முட்டம் கடற்கரையோரம் புதிதாகத் திறந்திருந்த ஆயுர்வேத விடுதியிலிருந்து ஒரு பெண் ஆட்டோவில் வந்து இறங்கினாள். பன்னிரண்டு சும்மாடு தைத்துத் தர முடியுமா என்று தையல்காரி சத்தியபாயிடம் கேட்டாள். 2007-ஆம் வருஷம், ஓணத்துக்கு முந்தைய மாதம். திங்கள்நகர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்தக் கடையில் ஜாக்கெட் துணிகள் குவிந்து கிடந்தன. சும்மாடு தைக்கச் சொல்லி அதுவரை யாரும் வந்ததில்லை. தலைச்சுமைக்காரர்கள் பழைய துணியைச் சுருட்டி வைத்துக்கொள்வதற்குத் தையல்காரி எதற்கு?

வந்தவள் பெயர் ஷீஜா. விடுதியில் எண்ணெய் தேய்த்துவிடும் வேலை. ஜெர்மனியிலிருந்து ஹெல்கா என்று ஒரு வெள்ளைக்கார மதாம்மை வந்திருக்கிறாள், வெண்கலக் கிண்ணங்கள் கொண்டு வந்திருக்கிறாள் என்று விளக்கினாள். ஆளைப் படுக்க வைத்து, உடம்பின் மேல் கிண்ணத்தை வைத்து, பஞ்சு சுற்றிய கோலால் மெல்லத் தட்டுவார்களாம். நாதம் உடம்புக்குள் இறங்குமாம். மனசில் இருக்கிற இறுக்கம் விடுமாம். கிண்ணம் வழுக்காமல் இருக்கச் சும்மாடு வேண்டும். ஷீஜாவே பாதி நம்பியும் நம்பாமலும்தான் சொன்னாள்.

கிண்ணத்தைப் பார்க்காமல் அளவு எடுக்க முடியாது என்றாள் சத்தியபாய். மறுநாள் காலை விடுதியிலிருந்து ஜீப் வந்தது. அவள் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஏறினாள்.

அப்போது அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. கணவர் ராஜையன் மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் ஷிப்டு வேலை பார்த்தார். ஒரே மகன் ரிஜோ மஸ்கட்டில் இருந்தான். இருபது வருஷமாகத் தைக்கிறாள். அவள் கையில் தைத்த ஜாக்கெட் எந்த உடம்பிலும் உட்காரும் என்று இரணியல் முதல் குளச்சல் வரை பேச்சு. ஏறிய தோளும் இறங்கிய தோளும் அவளிடம் சரியாகிவிடும். அளவெடுக்கும்போது எண்ணை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், குறித்துக்கொள்வாள். பெண்கள் அவளிடம் வருவதற்குப் பாதிக் காரணம் அதுதான். திரைக்குப் பின்னால் நின்றதும் ஒவ்வொருத்தியும் தன் உடம்பைப் பற்றி ஒரு குறை சொல்வாள். கை தடித்துவிட்டது, வயிறு தெரியாமல் தைக்க வேண்டும், கழுத்து கறுப்பாக இருக்கிறது, மூடி வையுங்கள். யாருக்கு எந்த இடம் பிடிக்காது என்று சத்தியபாய்க்கு அத்துப்படி.

அவளுக்குப் பிடிக்காத இடம் மட்டும் யாருக்கும் தெரியாது. ஒன்பது வயதில், வீட்டு முற்றத்தில் பனையிலிருந்து இறக்கிய அக்கானியைக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, கருப்பட்டிப் பதத்துக்கு வந்த பானை அடுப்பிலிருந்து சரிந்தது. குனிந்து ஓலை பொறுக்கிக்கொண்டிருந்த சிறுமியின் முதுகில் கொட்டியது. பிடரியிலிருந்து இடுப்பு வரை. ஆறியபின் தோல் சுருங்கி, ஈ உட்கார்ந்தாலும் தெரியாத மாதிரி மரத்துப்போனது. அன்றிலிருந்து கழுத்து மூடிய உடுப்புதான். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் ராஜையன் முன்னால்கூட முதுகைத் திருப்பி உடை மாற்றியதில்லை. அவரும் கேட்டதில்லை.

விடுதியில் ஹெல்கா முப்பது வயதுக்காரியாக இருந்தாள். பருத்திச் சட்டை, வெறுங்கால், வெயிலில் சிவந்த மூக்கு. ஒரு கிண்ணத்தை எடுத்துச் சத்தியபாயின் உள்ளங்கையில் வைத்தாள். சத்தியபாய் டேப்பை அடிவட்டத்தில் சுற்றி அளவு பார்த்துக்கொண்டிருந்தபோதே, மதாம்மை கோலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

நாதம் காதுக்கு வருவதற்கு முன் கைக்கு வந்தது. மணிக்கட்டில் ஏறி முழங்கை வரை ஓடியது. டேப்பின் நுனி நடுங்கியது. சத்தியபாய் அளவை மறந்துவிட்டாள். இன்னொரு தடவை தட்டச் சொல்லி ஷீஜாவிடம் சொன்னாள். பிறகு இன்னொரு தடவை.

விடுதிப் பெண்களுக்கு ஹெல்கா கொடுத்துவந்த பயிற்சிக்கு அன்றைக்கு வர வேண்டியவர்களில் ஒருத்திக்குக் காய்ச்சல். படுப்பதற்கு ஒரு ஆள் குறைந்தது. ஹெல்கா சத்தியபாயைப் பார்த்து ஏதோ கேட்டாள், ஷீஜா திருப்பிச் சொன்னாள். நீங்கள் படுக்கிறீர்களா? சத்தியபாய்க்கு முதலில் வாயில் வந்தது ஒரே கேள்விதான்.

"துணி களத்தணுமா?"

"வேண்டாம் அக்கா. உடுத்த சாரியோட அப்படியே கெடந்தா போரும். இதுல எண்ணெயும் இல்ல, தடவலும் இல்ல."

இதைக் கேட்டிராவிட்டால் அவள் அடுத்த ஜீப்பில் திரும்பியிருப்பாள். பாயில் குப்புறப் படுத்தாள். ஹெல்கா கிண்ணத்தை வைப்பதற்கு முன் இங்கே வைக்கலாமா என்று கேட்டாள். இருபது வருஷம் பெண்களை அளவெடுத்தவளுக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. சரி என்றாள். கனமான பெரிய கிண்ணம் ஒன்று முதுகின் நடுவில், துணிக்கு மேல், உட்கார்ந்தது. கனம் மட்டும் எங்கோ தூரத்தில் தெரிந்தது. மற்றபடி வழக்கம்போல அங்கே ஒன்றுமில்லை.

தட்டினாள்.

குளத்தில் கல் போட்டால் வட்டம் விரிகிற மாதிரி, மரத்த தோலுக்கு அடியில் ஏதோ விரிந்தது. விலா எலும்புக்குப் போனது, தோளுக்கு வந்தது, வயிற்றைத் தொட்டுத் திரும்பியது. முப்பத்தைந்து வருஷமாக மரப்பலகை மாதிரிச் சுமந்துகொண்டிருந்த முதுகு இத்தனை அகலம், இத்தனை நீளம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஊரில் உள்ள எல்லாப் பெண்களின் முதுகு அளவும் தெரிந்தவளுக்கு, தன்னுடையது தெரிந்திருக்கவில்லை. இரண்டாவது தட்டில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. முதுகு குலுங்க, மேலே இருந்த கிண்ணமும் குலுங்கியது. வலிக்கிறதா என்று ஹெல்கா பதறினாள். சத்தியபாய் பாயில் முகம் புதைத்தபடியே சொன்னாள்.

"வலிக்கல்லட்டி ஷீஜா. தெரியுது. எனக்கு முதுகு தெரியுதுன்னு மதாம்மைட்ட சொல்லு."

ஷீஜா இதை எப்படி இங்கிலீஷில் சொன்னாளோ, ஹெல்கா கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சத்தியபாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சும்மாட்டுக்குக் கூலி வேண்டாம், படிப்பித்துத் தந்தால் போதும் என்று சத்தியபாய் அன்றைக்கே சொல்லிவிட்டாள். மதாம்மை இன்னும் மூன்று வாரம் இருந்தாள். கடையைக் காலையில் பூட்டிவிட்டு முட்டத்துக்கு பஸ் ஏறுவது, மத்தியானம் திரும்பி வந்து ஓணத்து ஜாக்கெட்டுகளைத் தைப்பது. தூக்கம் குறைந்தும் களைப்பு தெரியவில்லை. பஸ்ஸில் நிற்கும்போது விரல் தானாகக் கம்பியைத் தட்டும்.

கற்றுக்கொள்வதில் ஒரு இடைஞ்சல் இருந்தது. தையல்காரியின் கைக்குப் பொறுமை கிடையாது. நாதம் அடங்குவதற்குள் அடுத்த தட்டுத் தட்டிவிடுவாள். காத்திரு, காத்திரு என்று ஹெல்கா சொல்லிச் சொல்லி அலுத்தாள். கடைசியில் சத்தியபாயே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு தட்டு, பிறகு மனசுக்குள் கர்த்தருடைய ஜெபம் முழுவதும், பிறகு அடுத்த தட்டு. அது சரியாக வந்தது. நான்காம் நாள் ஹெல்கா தானே படுத்து, சத்தியபாயைத் தட்டச் சொல்லி, எழுந்ததும் ஷீஜாவிடம், இவளுக்கு நான் சொல்லிக் கொடுக்க இனி அதிகம் இல்லை என்றாள். யாருக்குச் செய்யக் கூடாது என்பதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னாள். நெஞ்சில் கருவி வைத்தவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு உள்ளவர்கள், புதுக் காயம் உள்ளவர்கள். சத்தியபாய் அதை அளவு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினாள்.

பிறகு மதாம்மை ஊருக்குப் போனாள். கிண்ணங்களும் போயின.

இரண்டு நாள் சத்தியபாய் சும்மா இருந்து பார்த்தாள். முடியவில்லை. வீட்டிலுள்ள பாத்திரங்களை எல்லாம் தட்டினாள். எவர்சில்வர் சட்டென்று செத்துவிடும். பித்தளை முரண்டு பிடிக்கும். கடைசியில், அவள் அம்மாவீட்டுச் சீராக வந்து அடுக்களை மூலையில் கிடந்த கஞ்சி குடிக்கும் வெண்கலக் கும்பாவைத் துடைத்து, கஞ்சி கிண்டும் துடுப்புக் கட்டையில் லைனிங் துணியும் பஞ்சும் சுற்றித் தட்டினாள். நின்றது. பதினைந்து எண்ணும்வரை நாதம் அடங்காமல் நின்றது. அப்படியே கும்பாவும் கையுமாக நாகர்கோவிலுக்கு பஸ் பிடித்தாள்.

அங்கே வடசேரியில் பகவதியப்பன் என்பவருடைய பாத்திரக்கடை. முப்பது வருஷ வியாபாரி. மகள் கல்யாணத்துக்குச் சீர்ப்பாத்திரமா என்று கேட்டார். இல்லை, நாதம் நிற்கிற கும்பா வேண்டும் என்றாள் சத்தியபாய். ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தட்டினாள். பிடித்ததை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துத் தட்டினாள். கடைக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பகவதியப்பனுக்கு முதலில் எரிச்சல். பாத்திரத்தைத் தட்டிப் பார்ப்பது விரிசல் இருக்கிறதா என்று அறியத்தானே. நாதம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அவர் என்றைக்குமே கேட்டுப் பார்த்ததில்லை.

"இதையும் ஒண்ணு வயித்துல வச்சுப் பாருங்க," என்றாள் அவள்.

சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் வைத்தார். அவள் தட்டினாள். அவர் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு வாட்ச்சைக் கழற்றி மேஜையில் வைத்து, விநாடி எண்ணத் தொடங்கினார். அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. பரணில் ஏறினார். பழைய வீடுகளிலிருந்து மாற்றுக்கு வந்து, உருக்கப் போவதற்காக வைத்திருந்த கும்பாக்களைச் சாக்கோடு இறக்கினார். தூசி பறக்க இருவரும் தரையில் உட்கார்ந்து தட்டினார்கள். இது இருபது, இது கொள்ளாம், இது சவம், உள்ளே ஓட்டை. ஒரு கும்பா இருபத்தெட்டு விநாடி நின்றபோது பகவதியப்பன் எழுந்து நின்றுவிட்டார். அன்றைக்கு மூன்று கிடைத்தது. பிறகு ஒவ்வொரு மாதமும் அவரே போன் செய்தார். அடுத்த கோடைக்குள் வீட்டுக் கும்பாவையும் சேர்த்து ஒன்பது ஆனது.

முதலில் படுத்தவர் ராஜையன். காலை ஷிப்டு முடிந்து வந்தவரைப் பாயில் படுக்கச் சொன்னாள். சோறு தின்கிற பாத்திரத்தை முதுகில் வைப்பார்களா என்று முணுமுணுத்துக்கொண்டே படுத்தார். மூன்றாவது தட்டில் குறட்டை. எழுந்து உட்கார்ந்தவர் கும்பாவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"ஏட்டி, எனக்கு நீ வைக்குத. உனக்கு யாரு வைப்பா?"

அவள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து, பகல் வெளிச்சத்தில், அவள் குப்புறப் படுக்க, அவர் தட்டினார். முடிந்ததும் அவள் எழுந்திருக்கவில்லை. முகத்தைத் திருப்பாமலே, முதுகு எப்படி இருக்கும் என்று நீங்கள் சொல்லுங்கள், நான் இதுவரை பார்த்ததில்லை என்றாள். ஜாக்கெட் ஊக்கைக் கழற்றினாள்.

ராஜையன் குனிந்து பார்த்தார். அளந்து பார்க்கிறவர் மாதிரி மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"மேல கொஞ்சம் சுருங்கி இருக்கு. கீள வரும்போ தண்ணி வத்தின மணலு போல வரி வரியா இருக்கு. அம்புட்டுதான். நான் எப்பமே கண்டதுதான், நீ வெசனப்படுவேன்னு சொல்லல்ல."

அவள் எழுந்து கடைக்குப் போனாள். கதவைச் சாத்திவிட்டு, அளவு பார்க்கும் பெரிய கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கைக்கண்ணாடியில் பார்த்தாள். பத்து நிமிஷம் பார்த்தாள். தொட்டும் பார்த்தாள். இவ்வளவு காலம் மனசில் சுமந்த முதுகு இதைவிட எவ்வளவோ பெரிதாக, கோரமாக இருந்தது. இது ஒரு பெண்ணின் முதுகு, அதில் ஒரு தழும்பு. அன்று மாலையே வெட்டுமேஜையில் ஒரு சாம்பல் நிறத் துணியை விரித்து, பின்கழுத்தை மூன்று அங்குலம் இறக்கி வெட்டினாள். அடுத்த ஞாயிறு அதைப் போட்டுக்கொண்டு கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்தாள். பின்னால் இருந்தவர்கள் பார்த்திருப்பார்கள். பார்க்கட்டும்.

கடைக்குப் பின்னால் இருந்த துணி வைக்கும் அறையைக் காலி செய்து பாய் விரித்தாள். அளவு கொடுக்க வந்து உடம்பைத் திட்டுகிற பெண்களிடம், கொஞ்ச நேரம் படுக்கிறியா மக்கா என்று கேட்பாள். சிரித்துக்கொண்டே படுத்தவர்கள் எழும்போது வேறு முகத்தோடு எழுந்தார்கள். எல்லோரும் அல்ல. ஒரு பள்ளிக்கூடத்து வாத்திச்சி தலைவலிக்கிறது என்று பாதியில் எழுந்து போனாள். ஒருத்தி, இதனால் மெலிவேனா என்று கேட்டாள். மெலிய மாட்டாய் என்று சத்தியபாய் நேராகவே சொன்னாள். ஆனால் வாரம் ஒருமுறை வந்தவர்களிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. அளவெடுக்கும்போது மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளுவதை விட்டுவிட்டார்கள். டேப் சுளுவாகச் சுற்றியது.

2010-இல் குளச்சலிலிருந்து குளோரி வந்தாள். துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்துச் சந்தைக்கு அனுப்புகிறவள். அவள் ஏலம் கேட்டால் கடற்கரை முழுக்கக் கேட்கும் என்பார்கள். அதற்கு முந்தைய வருஷம் ஆபரேஷனில் ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். மருந்து முடிந்து முடியும் முளைக்கத் தொடங்கியிருந்தது. ஆனால் ஏலத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கையை உயர்த்தினால் எல்லோரும் அங்கேதான் பார்க்கிறார்கள் என்றாள். ஒரு பக்கம் பஞ்சு வைத்து ஜாக்கெட் தைத்துத் தர முடியுமா என்று கேட்க வந்திருந்தாள். அந்தப் பெரிய குரல் திரைக்கு வெளியே கேட்கவில்லை.

சத்தியபாய் தைத்துத் தருவதாகச் சொன்னாள். பிறகு பாயைப் பற்றியும் சொன்னாள்.

"நோவு மாறும்னு நான் சொல்லல்ல கேட்டியா. டாக்டருட்ட கேட்டுட்டு வா. மருந்து எதையும் நிறுத்தப்படாது. இது மனசுக்கு உள்ளது, அவ்வளவுதான்."

குளோரி கேட்டுவிட்டு அடுத்த வாரம் வந்தாள். மல்லாந்து படுத்தாள். சத்தியபாய் முதல் நாள் பாதத்தில் மட்டும் வைத்தாள். இரண்டாம் வாரம் முட்டியில், வயிற்றில். குளோரி கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையால் எப்போதும் மார்பை மூடியிருப்பாள். ஐந்தாம் வாரம், வயிற்றில் இருந்த பெரிய கும்பாவின் நாதம் அடங்கிக்கொண்டிருந்தபோது, அந்தக் கை தானாக விலகிப் பாயில் விழுந்தது. சத்தியபாய் ஜெபத்தை நடுவில் மறந்துபோனாள். அடுத்த தட்டுக்கு நேரம் தவறியது. கண்ணைத் திறக்காமலே குளோரி கேட்டாள்.

"என்ன மைனி நிறுத்திட்டீய? தட்டுங்க."

ஒரு மாதம் கழித்து அவள் ஏலத்துக்குப் போனாள். பஞ்சு வைத்த ஜாக்கெட்டைச் சில நாள் போடுவாள், சில நாள் மறந்துவிடுவாள். தானே கும்பா பிடிக்கக் கற்றுக்கொண்டு, குளச்சலிலிருந்து பெண்களை வேனில் கூட்டி வந்து இறக்கினாள். திங்கள்நகரில் வாசல் நிறையச் செருப்பு.

இவர்களைப் பற்றிய பேச்சு எப்படியோ நாகர்கோவிலில் ஒரு நர்சிங் கல்லூரிக்குப் போனது. 2012-இல் ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம், அறுபது மாணவிகளுக்கு மன இறுக்கம் குறைய ஒரு மணி நேரம் செய்து காட்ட முடியுமா என்று கல்லூரி முதல்வர் அம்மா கேட்டார். ஒன்பது கும்பாவைப் பழைய சாரியில் பொதிந்து இரண்டு பைகளில் எடுத்துக்கொண்டு இருவரும் போனார்கள். படி ஏறும்போது குளோரி பின்தங்கினாள். ஏலத்தில் நூறு ஆண்களுக்கு நடுவே நிற்கிறவள், இந்தப் பிள்ளைகள் படித்தவர்கள் என்று பயந்தாள்.

மாணவிகளை வட்டம் வட்டமாகப் படுக்கச் சொன்னார்கள். யார் யார் படுக்கக் கூடாது என்று சத்தியபாய் முதலில் சொல்லி, இரண்டு பேரை ஒதுங்கி உட்கார வைத்தாள். சிரிப்பும் கிசுகிசுப்பும் அடங்கவில்லை. அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. ஃபேன்கள் நின்றன. அந்த வருஷம் தினம் போகும் கரண்டுதான், அறுபது பேரும் சேர்ந்து முனகினார்கள்.

சத்தியபாய் பெரிய கும்பாவைத் தட்டினாள். ஃபேன் சத்தம் இல்லாத ஹாலில் நாதம் சுவருக்குப் போய்த் திரும்பியது. எதிர்மூலையில் குளோரி தட்டினாள். முனகல் நின்றது. வட்டத்துக்கு வட்டம் நகர்ந்து, கேட்டுக் கேட்டு, முதுகிலும் வயிற்றிலும் கும்பா வைத்துக்கொண்டே போனார்கள். வியர்வை வழிந்தது. ஒரு பிள்ளை அழுதாள், இரண்டு பிள்ளைகள் தூங்கினார்கள். கடைசி வரிசைக்கு வந்தபோது, நாற்காலியில் இருந்த முதல்வர் அம்மாவைக் காணவில்லை. பார்த்தால், கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, விறைப்பான கதர்ச்சேலையோடு தரையில் படுத்திருக்கிறார். எனக்கும் வையுங்கள் என்று விரலால் முதுகைக் காட்டினார்.

ஒரு மணி நேரம் என்று சொன்னது இரண்டரை ஆனது. அடுத்த வியாழக்கிழமையும் வர முடியுமா என்று முதல்வர் கேட்டபோது, சத்தியபாய் வாயைத் திறப்பதற்குள் குளோரியின் ஏலக்குரல் முந்திக்கொண்டது. வருவோம், இரண்டாம் வருஷப் பிள்ளைகளுக்கும் சேர்த்து வருவோம்.

திரும்பும் பஸ்ஸில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தும் இருப்புக் கொள்ளவில்லை. அந்தச் சுருட்டை முடிக்காரி அழுதாளே பார்த்தாயா என்று ஒருத்தி, முதல்வர் அம்மா குறட்டை விட்டாரே கேட்டீர்களா என்று மற்றவள். ஒருத்தி சொல்வதை முடிக்குமுன் மற்றவள் தொடங்குவாள். பைக்குள் கும்பாக்கள் ஒவ்வொரு பள்ளத்திலும் முனகின. பேச்சில் திங்கள்நகர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. கடற்காற்று முகத்தில் அடித்தபோதுதான் சத்தியபாய் ஜன்னல் வழியே பார்த்தாள். குளச்சல்.

சாயங்காலம் ராஜையனுக்குப் போன் வந்தது. ரிஜோவுக்க அப்பா, நான் குளோரிக்க வீட்டில இருக்கேன், சோறு நீங்க போட்டுத் தின்னுங்க, இங்க அக்கம்பக்கத்தில பன்னிரண்டு பேரு பாயோட வந்து நிக்காவ என்றாள் மனைவி. பின்னால் யாரோ ஒரு பெண், அடுத்தது நான், அடுத்தது நான் என்று சண்டை பிடிப்பது கேட்டது.